வாசகர் கேள்வி பதில்: 510510

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் பாசிர் ரிஸ் வட்டாரத்து அஞ்சல் குறியீடுகள் 51 என்று தொடங்குபவை. அதனால், உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள் கணக்குப் பயிற்சியில் 510510 என்ற எண்ணைக் கண்டதும் நம் பக்கத்து முகவரி போலிருக்கிறதே என்றாள். அந்த எண் 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகிய ஏழாலும் மீதியின்றி வகுபடுகிறது. 510 இருமுறை வருவதுதான் இதற்குக் காரணமா? வேறு சிறப்பும் உண்டா?
— வாசகி, பாசிர் ரிஸ்

பதில்: பாதிக் காரணம் அதுதான். எந்த மூவிலக்க எண்ணையும் இருமுறை அடுத்தடுத்து எழுதுவது அதை 1001 ஆல் பெருக்குவதற்குச் சமம். 1001 என்பது 7 × 11 × 13 ஆதலால், 238238 ஆனாலும் 904904 ஆனாலும் இம்மூன்றாலும் வகுபட்டே தீரும். மீதி நான்கையும் 510 கொண்டுவருகிறது: 2 × 3 × 5 × 17.

ஆயினும் இரட்டித்து நிற்கும் அத்தோற்றத்தை எண்ணின் பண்பாக நான் கருதமாட்டேன். பதின்ம முறையில் எழுதுவதால் வந்த அழகு அது. இரும முறையில் 1111100101000101110 என்று எழுதிப் பார்த்தால் காணாமற்போகும்.

எந்த முறையில் எழுதினாலும் மாறாதவை வேறு. முதல் ஏழு பகா எண்களின் பெருக்கற்பலனான இதுவே, ஏழு வெவ்வேறு பகாக் காரணிகளைக் கொண்ட எண்களில் மிகச் சிறியது. (அடுத்தது, 17க்குப் பதில் 19ஐ வைத்தால் கிடைக்கும் 570570, அஞ்சல் குறியீடு 57 என்று தொடங்கும் பீஷான்வாசிகள் மகிழலாம்.) ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு வழிகள் இருப்பதால், 1ஐயும் 510510ஐயும் சேர்த்து மொத்தக் காரணிகள் 128.

என்னைப் பெரிதும் கவர்வது, இது 714 × 715 என்று அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கலாகவும் அமைவதுதான். 714இன் பகாக் காரணிகளான 2, 3, 7, 17 ஆகியவற்றைக் கூட்டினால் 29. 715இன் காரணிகளான 5, 11, 13 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 29. அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை ஹேங்க் ஏரன் 1974இல் 715ஆவது அடித்து முறியடித்ததை ஒட்டி, இத்தகைய இணைகளுக்கு ரூத்–ஏரன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பகா எண்களை 2இலிருந்து வரிசையாகப் பெருக்கும்போது 2, 6, 30, 210 ஆகியவையும் அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கலாக அமைகின்றன. 510510ஐவிடப் பெரிதாக அப்படி ஒன்றும் இதுவரை கண்டறியப்படவில்லை.

முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி வரிசையில் தொடர்ந்து வரும் 13, 21, 34, 55 ஆகியவற்றைப் பெருக்கினாலும் இதே எண் வரும். 21 = 3 × 7, 34 = 2 × 17, 55 = 5 × 11 என்று பிரித்தால், ஏழு பகா எண்களும் ஒன்றுகூட இருமுறை வராமல் அமைந்திருப்பது தெரியும்.

ஒன்று கூட்டி 510511 ஆக்கினால் அது பகா எண் ஆகிவிடும் என்று மாணவர்கள் பலர் நினைப்பதுண்டு. ஆகாது, அது 19 × 97 × 277. முதல் ஏழில் எதுவும் அதை வகுக்காது என்பது மட்டுமே, பகா எண்களுக்கு முடிவில்லை என்று காட்டும் யூக்ளிடின் வாதத்திலிருந்து கிடைக்கும் உறுதி.