மத்தளத்தை இறக்குங்கள்

அன்புள்ள ஐயா,

எனது ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை. திருமணமாகி, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மனைவி வீட்டுக்கு வந்து ஏழு மாதம். சாப்பாடு, தூங்கும் நேரம், மாமாவின் தொலைக்காட்சிச் சத்தம் எல்லாவற்றையும் அனுசரித்துப் போகிறேன். மாமிக்குச் சத்தம் ஆகாதென்று என் மத்தளத்தைக்கூடச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ஒரு மனிதன் எவ்வளவுதான் வளைந்து கொடுப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சாப்பாட்டையும் தொலைக்காட்சியையும் விடுங்கள். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டியவன் அங்கே போய் இருப்பது தலைமுறை வழக்கம். மற்ற ஊர்களில் இதைப் பெண்கள் ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள். ஏழு மாதத்திலேயே கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டீர்களே!

ஆனால் மத்தளம்? அதையும் தொலைக்காட்சியோடு சேர்த்து ஒரே மூச்சில் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சென்ற கிழமை என் அப்பாவின் திவசம். வாவியில் வலை போட்டவர். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது தோணிப் பலகையில் விரல்களால் தட்டிக்கொண்டே இருப்பார். குளிருக்குத் தட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். திருமணத்துக்கு முன் வடமோடி என்னும் நாட்டுக்கூத்துக்கு மத்தளம் அடித்தவர் என்பதைச் செத்த வீட்டில்தான் ஒரு கிழவர் சொன்னார். எங்கள் வீட்டில் மத்தளமே இருந்ததில்லை.

கொடுவா மீனைக் காட்டி அப்பா ஒன்று சொல்வார். மாரியில் வாவி நன்னீராகும், கோடையில் உவர்க்கும். கொடுவா இரண்டிலும் இருக்கும். ஆற்றில் ஏறி நன்னீரிலேயே வருடக்கணக்கில் வளரும். ஆனால் முட்டையிட முகத்துவாரத்து உப்பு நீருக்கு இறங்கியே ஆகவேண்டும். வழியை அடைத்தால் சாகாது, கொழுக்கும். குஞ்சுதான் இராது. அதைச் சொல்லும்போதும் அவர் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. எனக்குத்தான் விளங்கவில்லை.

மாமி வாய்திறந்து நிறுத்தச் சொன்னாரா? அல்லது நல்ல மருமகன் என்று பெயரெடுக்க நீங்களாகவே சுற்றிக் கட்டினீர்களா? கடிதத்தில் அது இல்லை. மனைவிக்காவது நீங்கள் மத்தளம் அடிப்பவர் என்று தெரியுமா? முதலில் அவருக்கு மத்தளத்தை வாசித்துக் காட்டுங்கள்.

மாரி வந்தால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். இன்றே இறக்கி, வாரை இழுத்துக் கட்டுங்கள். வீட்டில் ஆகாதென்றால் கோயில் வளவுக்குக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை பஸ் ஏறி உங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரைப் போய்ப் பாருங்கள். ஏழு மாதமாக நீங்கள் ஏன் வரவில்லை என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?