சீனா மீது எங்கள் ஊரில் இருப்பது கோபமா, பிரமிப்பா?

“சீனாவின் வளர்ச்சியை உங்கள் ஊர் சாதாரண மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பதினேழு வருடமாக செல்போன் கடை வைத்திருக்கிறேன். விற்பனையும் உண்டு, சர்வீஸும் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் பேசியதை வைத்துச் சொல்கிறேன்.

கடை திறந்த புதிதில் ‘சைனா செட்’டுக்குத் தனி மவுசு. இரண்டு சிம், இழுத்துவிடும் ஆன்டெனா, உள்ளேயே டிவி. சத்தம்தான் பெரிய விஷயம். படகு இன்ஜின் ஓடும்போதும் பாட்டு கேட்கும் என்று தேவனாம்பட்டினத்து மீனவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். வாங்கினார்களே தவிர மதிக்கவில்லை. எது சீக்கிரம் கெட்டுப்போனாலும் ‘சைனா பீஸ்’தான். 2009 டிசம்பரில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்ணான ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கு இணைப்பைத் துண்டித்தார்கள். அத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

இப்போது அதே ஆட்கள் கையில் ரெட்மியும் விவோவும் இருக்கின்றன. யாரும் அவற்றைச் ‘சைனா பீஸ்’ என்பதில்லை. “அவனால முடியுது, நம்மால ஏன் முடியல?” என்றுதான் கேட்கிறார்கள். பொறாமை என்று இதைச் சொல்ல மாட்டேன். பாலிடெக்னிக் முடித்த பிள்ளைக்கு வேலை தேடும் அப்பாவின் ஆதங்கம் அது.

கோபமும் உண்டு. 2020 ஜூன் 15 அன்று லடாக் எல்லையில் கல்வானில் சீன ராணுவத்தோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதில் ஹவில்தார் பழனி நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்த வாரம் பலர் “சைனா இல்லாத போன் காட்டுங்க” என்றார்கள். எட்டாயிரம் ரூபாய்க்குள் எடுத்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் இருப்பதையே வாங்கிப் போனார்கள். அவர்கள் கோபம் பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடலோரத்தில் பேச்சே வேறு. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் அங்கே யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் வந்து நின்றது. அப்போது முதுநகர் பெரியவர் ஒருவர் சொன்னார்: “டிவில லடாக்கைத்தான் காட்டுறான். நமக்கு எல்லை கடல்ல இருக்கு தம்பி.” எனக்கும் அந்தப் பயம் உண்டு.

அப்புறம், மகன் சீனாவில் மருத்துவம் படிக்கும் ஒரு அம்மா கடைக்கு வருவார். கொரோனாவில் ஊருக்கு வந்த பையன் மூன்று வருடம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பிப் போனான். அங்கே வாட்ஸ்அப் தடை, இங்கே சீனாவின் வீசாட் செயலிக்குத் தடை. “ராத்திரி பத்து மணிக்குக்கூட பயமில்லாம வெளிய போகலாமாம், ரோடெல்லாம் அவ்வளவு சுத்தமாம்” என்று பெருமையாகச் சொல்வார். எல்லையில் ஏதாவது செய்தி வந்தால் மட்டும் முகம் வாடிப்போகும். “சண்டை கிண்டை வராதே தம்பி?” என்று கேட்டுக்கொண்டே போனை நீட்டுவார், ஞாயிற்றுக்கிழமை அவன் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் போட்டுக் கூப்பிடும்போது சத்தம் சரியாகக் கேட்குமா என்று பார்த்துத் தரச் சொல்லி.