பணியில் உயிர்விட்ட போலீஸ்காரருக்கு ஊர்மக்கள் எப்படி மரியாதை செய்யலாம்?

மாலை, மெழுகுவர்த்தி, ஃபிளெக்ஸ் எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டால் முதல் வேலை, அவர் எப்படிச் செத்தார் என்பதை உருப்படியாகத் தெரிந்துகொள்வதுதான்.

திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) பூமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பர் 21, இன்னும் விடியவில்லை. ரோந்தில் இருந்தவர், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைப் பார்த்துத் தன் பைக்கிலேயே விரட்டுகிறார், மாவட்ட எல்லையையும் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி வரைக்கும். நம்ம ஸ்டேஷன் எல்லை முடிந்துவிட்டது என்று திரும்பியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? மடக்கிப் பிடித்துவிட்டுப் போனில் உதவி கேட்டார், ஆள் வந்து சேர்வதற்குள் வெட்டிவிட்டார்கள். கைதானவர்களில் சிறுவர்களும் உண்டு. போயும் போயும் ஆட்டுக்காகவா என்று அப்போது சிலர் பேசினார்கள். நாலு ஆடு வைத்துப் பிழைக்கிற வீட்டில் போய்க் கேட்டால் தெரியும், ஒன்று காணாமல் போனால் அந்த வருஷப் பள்ளிக்கூடச் செலவே போச்சு.

அரசு 1 கோடி ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. சரி, நல்லது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, இரவு ரோந்து போகிறவர்கள் துப்பாக்கியோடு போகவேண்டும் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு சொன்னது. இன்னொரு ஆளையும் கூட அனுப்பினால் இன்னும் நல்லது.

அப்புறம் அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை தாக்கி 10 போலீஸ்காரர்கள் இறந்த நாள் அது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குப் போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத் தலைகுனிந்து நிற்பார்கள், முந்தைய ஓராண்டில் பணியில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். டெல்லி சாணக்கியபுரியில் 2018-ல் திறந்த தேசிய காவலர் நினைவிடத்துச் சுவரில் 34,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

இறந்தவர் உங்கள் ஊர்க்காரர் என்றால் அக்டோபர் 21 அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போங்கள். முதல் வருஷம் அமைச்சர் முதல் எல்லோரும் வருவார்கள், கேமராவும் வரும். மூன்றாவது வருஷம் போங்கள். பென்ஷன், வாரிசு வேலை என்று ஏதாவது ஃபைல் எங்கேயாவது தூங்கிக்கொண்டிருந்தால், அந்த அம்மாவோடு ஆபீஸ் வாசலில் போய் நிற்க ஒரு ஆள் வேண்டியிருக்கும்.