வெப் டெவலப்மென்ட்: முதல் புத்தகம் எது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

வெப் டெவலப்மென்ட் படிக்கத் தொடங்குகிறவர்கள் எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று கேட்டு வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வீடியோ பார்த்துக் கற்பவர்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. கேட்டது புத்தகத்தைப் பற்றி என்பதால் அதோடு நிற்கிறேன்.

கேள்வி (மதுரை, பி.காம். இறுதியாண்டு மாணவி): அண்ணா, எனக்கு கோடிங் எதுவும் தெரியாது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் ஐந்தும் ஒரே புத்தகத்தில் இருக்கிறது. 900 பக்கம். வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் இல்லையா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், பிரவுசரில் இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட், சர்வர் வேலைக்கு பிஎச்பி, தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். ஐந்தையும் ஒரே அட்டைக்குள் அடைக்கும்போது எழுதுகிறவர் எதிலாவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அடிபடுவது சிஎஸ்எஸ். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் அதுதான். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டுக்கு மட்டும் 300, 400 பக்கத்தில் ஒரு புத்தகம் போதும். அதை முடித்துவிட்டு ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தனியாக ஒன்று. பிஎச்பியும் டேட்டாபேஸும் அதற்கு அப்புறம்.

முதல் இரண்டு அத்தியாயங்களைப் புரட்டிப் பாருங்கள். அதற்குள் நீங்களே ஒரு பக்கம் எழுதி பிரவுசரில் திறந்திருக்க வேண்டும். இணையத்தின் வரலாறு 30 பக்கம், பிறகு எல்லா டேக்குகளுக்கும் (எச்டிஎம்எல் குறிகள்) ஓர் அட்டவணை என்று போனால் அது பரீட்சைக்கான கைடு. மதிப்பெண் வரும், வெப்சைட் வராது.

கேள்வி (சென்னை): திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் ஜான் டக்கெட்டின் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் புத்தகம் நல்ல நிலையில் கிடைக்கிறது. 2011-இல் வந்தது. எல்லோரும் புகழ்கிறார்களே, இப்போதும் வாங்கலாமா?

பதில்: புகழுக்குக் காரணம் இருக்கிறது. வண்ணமும் படமுமாக, ஒரு பக்கத்தில் ஒரு விஷயம் என்று பிரித்துப் போட்ட விதத்தில் பயமே போய்விடும். எச்டிஎம்எல் அடிப்படை, நிறம், எழுத்துரு, பாக்ஸ் மாடல் (பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் பெட்டியாகக் கணக்கிடும் முறை) பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி இன்றும் செல்லும். பழசாகிப்போனது லேஅவுட், அதாவது பக்கத்தில் எது எங்கே நிற்கும் என்பது. அன்றைக்குப் பத்திகளை அருகருகே நிறுத்தப் பெரும்பாலும் ஃப்ளோட் என்ற சிஎஸ்எஸ் வசதிதான் கைக்கு வந்த வழி. லேஅவுட்டுக்கென்றே வந்த ஃபிளெக்ஸ்பாக்ஸ் பிரவுசர்களில் நிலைபெற்றது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அதே வேலைக்கான இன்னொரு வசதியான கிரிட் 2017 மார்ச்சில்தான் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி என்று அடுத்தடுத்து வந்தது. பிரவுசரில் அசைபடம் காட்டிய ஃப்ளாஷுக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் உண்டு. ஃப்ளாஷை அடோபி 2020 கடைசியோடு கைவிட்டுவிட்டது. ஆகவே விலை மிகக் குறைவாக இருந்தால் வாங்குங்கள். லேஅவுட் அத்தியாயத்தையும் ஃப்ளாஷையும் தாண்டிவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் மொசில்லாவின் எம்டிஎன் என்ற கையேட்டுத் தளத்தில் படியுங்கள். முழு விலை சொன்னால் புதிதாக ஒன்றைத் தேடலாம்.

இதே சாக்கில் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கிடைக்கும் பதிப்புகளில் 'மறு அச்சு' என்று போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது காகிதத்தின் வயது. முதல் பதிப்போ, திருத்திய பதிப்போ எந்த ஆண்டு வந்தது என்பதுதான் கணக்கு. அதுவும் தெளிவாக இல்லையென்றால் கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். லேஅவுட் அத்தியாயத்தைத் திறங்கள். ஃபிளெக்ஸ், கிரிட் என்ற சொற்களே இல்லையா? பழசு. ஜாவாஸ்கிரிப்ட் புத்தகம் என்றால் மாறிகளை (வேரியபிள்) எந்தச் சொல்லைக் கொண்டு அறிவிக்கிறார்கள் என்று பாருங்கள். 2015-இல் மொழி பெரிதாகத் திருத்தப்பட்டபோதுதான் லெட், கான்ஸ்ட் இரண்டும் வந்தன. கடைசிப் பக்கம் வரை பழைய சொல்லான வார் மட்டுமே இருந்தால் அதற்கு முந்தைய சரக்கு. பழைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்குத் தனி வைத்தியம் சொல்லும் புத்தகத்தை விலை கூடக் கேட்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி): சார், நான் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் டிரீம்வீவர் சொல்லித் தருகிறார்கள். அதற்கு நல்ல கைடு ஒன்று சொல்லுங்கள்.

பதில்: இதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் வராது. டிரீம்வீவர் வெப் பக்கம் செய்யும் மென்பொருள், 1997-இல் மேக்ரோமீடியா கொண்டுவந்தது. 2005-இல் அந்தக் கம்பெனியையே அடோபி வாங்கியது. மென்பொருளுக்கென்று எழுதும் புத்தகத்தில் பாதிக்கு மேல் எந்த மெனுவில் எது இருக்கிறது என்பதாகவே இருக்கும். அடுத்த பதிப்பு வந்ததும் படத்தில் இருக்கும் பட்டன் திரையில் இருக்காது. சென்டரில் ஒரு வெர்ஷன், புத்தகத்தில் ஒரு வெர்ஷன், வீட்டு லேப்டாப்பில் இன்னொன்று என்றால் தலைவலிதான்.

கோடிங் எழுதும் மென்பொருள்களான எடிட்டர்கள் காணாமலும் போகும். அடோபியின் பிராக்கெட்ஸ் ஒரு காலத்தில் வெப் டிசைனர்களின் செல்லப்பிள்ளை. 2021 செப்டம்பரோடு அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. அவற்றுக்காகக் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் இன்று எடைக்குத்தான் போகும். அதே ஆண்டுகளில் எழுதிய நல்ல எச்டிஎம்எல் புத்தகத்தை இன்றும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். என் கட்சி இதுதான்: காசு கொடுத்து வாங்கும் புத்தகம் மொழிக்காக இருக்கட்டும். மென்பொருளை அதன் சொந்த உதவிப் பக்கங்களிலேயே படித்துக்கொள்ளலாம், அவை மென்பொருளோடு சேர்ந்து மாறிக்கொண்டே வரும். சென்டரில் டிரீம்வீவர் கட்டாயம் என்றால் அடோபியின் உதவிப் பக்கம் போதும். வீட்டில் விஎஸ் கோட் என்ற எடிட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். டிரீம்வீவரிலும் கோடிங் தெரியும் கோட் வியூவைத் திறந்தே வைத்திருங்கள். இழுத்துப் போடும்போது அது என்ன எழுதுகிறது என்று பார்ப்பதே பாதிப் படிப்பு.

கேள்வி (சேலம்): அண்ணன் படித்த பிஎச்பி புத்தகத்தை வைத்துப் பழகுகிறேன். எழுத்து மாறாமல் அடித்தாலும் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்ற ஃபங்ஷனே இல்லை என்று எர்ரர் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு உங்களுடையது இல்லை தம்பி. அந்த வகை ஃபங்ஷன்களை 2013-இல் வந்த பிஎச்பி 5.5-லேயே 'இனி வேண்டாம்' என்று ஒதுக்கி, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-இல் அடியோடு நீக்கிவிட்டார்கள். இப்போது எக்ஸாம்ப் (பிஎச்பியும் டேட்டாபேஸும் சேர்ந்து வரும் தொகுப்பு) போட்டால் பிஎச்பி 8 வரும். புத்தகமும் மென்பொருளும் வேறு வேறு காலம்.

சிலர் பழைய எக்ஸாம்ப்பைத் தேடிப்பிடித்து நிறுவச் சொல்வார்கள். வேண்டாம், புத்தகத்தை மாற்றுங்கள். டேட்டாபேஸோடு பேச இன்றைய வழிகளான பிடிஓ அல்லது மைஎஸ்க்யூஎல்ஐ சொல்லித்தருவதாக இருக்கட்டும். பிஎச்பி புத்தகத்தில் நான் முதலில் தேடுவது லாகின் அத்தியாயத்தை. ஃபார்மில் பயனர் அடித்ததை டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வரிக்குள் அப்படியே ஒட்டவைக்கிறார்களா, அதைத் தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்துகிறார்களா? ஒட்டவைத்தால், ஃபார்ம் வழியே திருட்டுக் கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்து வைத்தாயிற்று. பாஸ்வேர்டை எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 போட்டுச் சேமிக்கச் சொன்னால் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதற்கென்றே பாஸ்வேர்டு_ஹாஷ் என்ற ஃபங்ஷன் 5.5-இலிருந்தே இருக்கிறது. இந்த ஓர் அத்தியாயம் சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கேள்வி (விழுப்புரம், தமிழ்வழியில் படித்தவர்): ஆங்கிலப் புத்தகம் நாலு பக்கம் தாண்டவில்லை. தமிழில் ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. கணியம் அறக்கட்டளை 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், மைஎஸ்க்யூஎல் என்று மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். விஷயம் என்ன என்பதைத் தமிழில் பிடித்துக்கொண்டு, அதே பாடத்தை ஆங்கிலத்திலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எர்ரர் எப்படியும் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் திரும்பத் திரும்ப வருவது ஒரு சில வாசகங்களே. வரும்போதெல்லாம் அதையும் பொருளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால் போதும், கொஞ்ச நாளில் பழகிவிடும்.

கேள்வி (பெங்களூரு): வேலைக்கு ரியாக்ட்தான் கேட்கிறார்கள். நேரடியாக ரியாக்ட் புத்தகம் வாங்கட்டுமா?

பதில்: ரியாக்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் மேல் கட்டிய தொகுப்பு. ஜாவாஸ்கிரிப்ட் வராமல் ரியாக்ட்டில் இறங்கினால் எது ரியாக்ட், எது ஜாவாஸ்கிரிப்ட் என்றே பிரித்துப் பார்க்க முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் வந்த பிறகும் அச்சுப் புத்தகம் வேண்டாம் என்பேன். 2019 பிப்ரவரியில் ஹூக்ஸ் என்ற புதிய எழுதும் முறை வந்ததும் முந்தைய புத்தகங்களின் பாணியே மாறிப்போனது. பல புத்தகங்கள் முதல் பாடமாக வைத்திருக்கும், புது ஆப் தொடங்கித் தரும் கருவியான கிரியேட்-ரியாக்ட்-ஆப்பை 2025-இல் ரியாக்ட் குழுவே கைவிட்டது. அவர்களுடைய தளத்தில் இருக்கும் பாடங்களே நன்றாக இருக்கின்றன. ரியாக்ட் போன்ற இன்னொன்றான ஆங்குலர் தேடுகிறவர்களும் கவனிக்க: பழைய ஆங்குலர்ஜேஎஸ் வேறு, 2016-இல் அடியிலிருந்து எழுதிய ஆங்குலர் வேறு. பழைய புத்தகக் கடையில் இரண்டும் ஒரே அடுக்கில்தான் கிடக்கும்.

கேள்வி: டெலிகிராமில் எல்லாப் புத்தகமும் பிடிஎஃப் கிடைக்கிறதே, எதற்குக் காசு?

பதில்: திருட்டுப் பிடிஎஃப் 200 இறக்கி வைத்திருப்பவர் எவரும் ஒன்றைக்கூட முடித்து நான் பார்த்ததில்லை. சட்டப்படியே இலவசம் வேண்டுமென்றால் 'எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்' முழுவதையும் எழுதியவரே இணையத்தில் வைத்திருக்கிறார், நான்காம் பதிப்பு 2024-இல் வந்தது. ஆனால் அதன் பயிற்சிகள் சீக்கிரமே கடினமாகிவிடும். முதல் புத்தகமாக வேண்டாம், இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): தம்பி, எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு தளம் வேண்டும். வேர்ட்பிரஸ் போதும் என்கிறார்கள். அதற்கும் புத்தகம் வேண்டுமா?

பதில்: போதும் ஐயா, கோடிங் எழுதாமலே தளம் அமைக்கும் மென்பொருள் அது. வேர்ட்பிரஸுக்குப் புத்தகம் வாங்குவதானால் உள்ளடக்கத்தில் பிளாக் எடிட்டர் (பத்தி, படம் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டமாக வைத்து எழுதும் பக்கம்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்தது. முந்தைய புத்தகத்தில் எழுதும் பக்கமே வேறு மாதிரி இருக்கும். வேர்ட்பிரஸ்.காம், வேர்ட்பிரஸ்.ஆர்க் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் அத்தியாயத்திலேயே சொல்லும் புத்தகமாகவும் இருக்க வேண்டும். முதலாவதில் இடமும் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. இரண்டாவதில் மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டிய பிறகு இது தெரிந்து வருத்தப்படுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: அச்சா, கிண்டிலா?

பதில்: அச்சு. கிண்டிலின் சின்னத் திரையில் கோடிங் வரி மடிந்து குழப்பும். கம்ப்யூட்டரில் மின்னூலைத் திறந்தாலோ காப்பி பேஸ்ட் செய்யக் கை பரபரக்கும். அச்சில் வேறு வழியில்லை, அடித்துத்தான் ஆக வேண்டும். ஒரு செமிகோலனை விட்டுவிட்டு அரை மணி நேரம் தேடுவீர்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.