மலை சரிந்த இடத்தில் ஓர் ஊர்: ரோக்ஃபோர் பற்றி வாசகர் கேள்விகள்

தென் பிரான்ஸின் ரோக்ஃபோர்-சூர்-சுல்ஸோன் கிராமம், அதன் சீஸ், அதைச் சுற்றிய மேட்டு நிலம் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

வரைபடத்தில் ரோக்ஃபோர் என்று தேடினால் பிரான்ஸில் பல ஊர்கள் வருகின்றன. நீலச் சீஸுக்குப் பேர்போன ஊர் எது? (சேலம்)

அஞ்சல் எண் 12250 போட்டுத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கமான 12, அவெய்ரோன் மாவட்டத்தைக் குறிக்கும். புரட்சிக்கு முன் ரூவெர்க் என்று அழைக்கப்பட்ட பகுதி அது. இன்று ஒக்ஸித்தானி மாநிலத்தில் இருக்கிறது. பக்கத்துப் பெரிய ஊர் மியோ, சுமார் 25 கிலோமீட்டர். 2004 டிசம்பரில் திறந்த, 343 மீட்டர் உயர நெடும்பாலம் இருக்கிறதே, அதே மியோதான். அதைவிடக் கிட்டத்தில் சாந்த்-அஃப்ரிக் என்ற சிறு நகரம் உண்டு.

கிராமம் கொம்பாலு என்ற குன்றின் வடக்குச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே ஓடும் சுல்ஸோன் ஓடை செர்னோனில் கலக்கிறது, செர்னோன் தார்ன் ஆற்றில், தார்ன் கரோனில். மத்தியதரைக் கடல் பக்கத்தில் இருந்தும் இந்தத் தண்ணீர் போய்ச் சேருவது அட்லாண்டிக்கில்.

எங்கள் ஊரும் கொம்யூன் பஞ்சாயத்துதான். பிரான்ஸின் கடைநிலை உள்ளாட்சியான கொம்யூனும் இதுவும் ஒன்றா? (வில்லியனூர்)

வேர் ஒன்று, வளர்ச்சி வேறு. பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் கொம்யூன்களை ஏற்படுத்தியது 1880ஆம் ஆண்டு ஆணை. புதுச்சேரி, காரைக்காலில் இன்றுள்ள பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. ஆனால் ஒரு கொம்யூன் பஞ்சாயத்துக்குள் பல கிராமங்கள் அடங்கும். பிரான்ஸில் அப்படி இல்லை. 1789 டிசம்பரில் வந்த சட்டம், பழைய தேவாலயப் பங்குகளை (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதிகளை) பெரும்பாலும் அதே எல்லையோடு கொம்யூன் ஆக்கியது. அதனால்தான் அந்நாட்டில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை.

ரோக்ஃபோரில் குடியிருப்பவர்கள் 600க்கும் குறைவு. 500 முதல் 1,499 பேர் வரையுள்ள கொம்யூனின் மன்றத்துக்கு 15 உறுப்பினர்கள், ஆறாண்டுப் பதவி என்பது விதி. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் தேர்ந்தெடுக்கிறது. அந்த மேயர் அரசின் ஆளும்கூட: பிறப்பு, இறப்புப் பதிவும் திருமணம் நடத்திவைப்பதும் அவர் பொறுப்பு. உலகம் முழுக்கப் பெயர் போன ஊருக்கு இவ்வளவுதான் நிர்வாகம்.

ஒரே ஒரு குன்றின் குகைகளில் மட்டும் அந்தச் சீஸ் விளையும் என்பது விளம்பரமா, உண்மையா? (நாகர்கோவில்)

இரண்டும் கலந்தது. உண்மையான பகுதியை முதலில் சொல்லிவிடலாம்.

கொம்பாலு, லார்ஸாக் பீடபூமியின் விளிம்பிலிருந்து பிரிந்து நிற்கும் துண்டு. மேலே ஜுராசிக் காலச் சுண்ணாம்புப் பாறை, அடியில் சுண்ணாம்பு கலந்த களிமண் அடுக்கு. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே இறங்கிக் களிமண்ணில் நிற்கிறது. ஊறிய களிமண் வழுக்கும். மேலிருக்கும் பாறையின் விளிம்பு பாளம் பாளமாகப் பிளந்து வடக்கு நோக்கிச் சரிந்தது. இப்படிக் குவிந்த இடிபாடு சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம். இது நீர் அரித்த குகையல்ல, குவிந்து கிடக்கும் பாறைகளுக்கு இடையே விட்டுப்போன வெற்றிடம். பின்னால் மனிதர்கள் அவற்றைச் சுவரெழுப்பி, தளம் தளமாகப் பிரித்து நிலவறைகளாக்கினார்கள்.

இந்த வெற்றிடங்களை மலையின் உட்பகுதியோடும் வெளியோடும் இணைக்கும் நீண்ட வெடிப்புகளுக்கு அந்த ஊரார் சொல்லும் பெயர் ஃப்ளொரீன். வேலையெல்லாம் இவற்றுடையதுதான். பாறைக்குவியல் குளிர்காலக் குளிரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது, வடக்குச் சரிவு என்பதால் வெயிலும் நேராக விழுவதில்லை. கோடையில் உள்ளே வரும் காற்று ஈரப் பாறையில் பட்டுக் குளிர்ந்து கனத்து, கீழ்நோக்கி வழிந்து நிலவறைகள் வழியே வெளியேறுகிறது. குளிர்காலத்தில் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் ஓட்டம் திசை மாறுகிறது. விளைவு: ஆண்டு முழுக்க 8 முதல் 12 டிகிரி செல்சியஸ், 95 விழுக்காடு ஒட்டிய ஈரம், நிற்காத மெல்லிய காற்று. ஆனால் அது தானாகவே சரியாக அமைந்துவிடாது. ஒவ்வொரு ஃப்ளொரீன் வாயிலும் கதவு உண்டு. நிலவறைப் பொறுப்பாளர் வெளியே அடிக்கும் காற்றைப் பார்த்து அவற்றைத் திறந்து மூடுகிறார். அதிகம் திறந்தால் சீஸின் மேற்பரப்பு உலர்ந்து வெடிக்கும், மூடியே வைத்தால் பிசுபிசுத்துப் போகும்.

விளம்பரமான பகுதி: இந்தச் சூழலைக் குளிர்பதன அறையில் உண்டாக்க முடியாது என்பது. இன்று முடியும். 1961இல் மியோ நீதிமன்றமே, செய்முறையை வேறிடத்திலும் பின்பற்றலாம், ஆனால் கொம்பாலுவின் இயற்கைக் குகைகளில் முதிர்ந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று தீர்த்தது. அந்த ஊருக்கு மட்டும் உரியது பெயர்தான், சீஸில் நீலம் பிடிக்கவைக்கும் பூஞ்சை அல்ல.

அந்தப் பகுதியில் ஏன் மாடு இல்லாமல் செம்மறியாடு? (புதுக்கோட்டை)

தண்ணீர்தான் காரணம். லார்ஸாக் மேட்டில் மழை பெய்யாமல் இல்லை. பெய்ததைச் சுண்ணாம்புப் பாறை விழுங்கிவிடுகிறது. அது பீடபூமியின் அடிவாரத்தில்தான் ஊற்றாக வெளிவரும். மேலே ஆறு கிடையாது, மெலிந்த மண், குட்டைப் புல், முட்புதர். பள்ளங்களில் சேரும் செம்மண்ணில் மட்டும் கொஞ்சம் பயிர். ஆடுகளுக்கு அங்கே ‘லவோன்’ என்ற நீர்நிலை அமைப்பார்கள். நம் ஊருணி மாதிரிதான், ஆனால் அடியில் களிமண் போட்டு, ஆட்டுக் குளம்பு அதைக் கிழிக்காதிருக்க மேலே தட்டைக்கல் பாவியிருக்கும்.

இன்று ரோக்ஃபோருக்குப் பால் தருவது லக்கோன் இன ஆடு மட்டுமே. குட்டிகள் சுமார் ஒரு மாதம் தாய்ப்பால் குடிக்கும், பிறகு பிரித்துவிடுவார்கள். பால் முழுவதும் சீஸுக்கு. அந்த இளங்குட்டிகளின் மெல்லிய தோல் எங்கே போயிற்று? மியோவுக்கு. அந்நகரம் கையுறைத் தொழிலில் பெயர் பெற்றதற்குக் காரணம் இதுதான். சீஸும் கையுறையும் ஒரே மந்தையின் இரு வரவு.

கொடைக்கானலில் சிறிய அளவில் சீஸ் செய்கிறோம். குளிரும் ஈரமும் இங்கேயும் உண்டு. ரோக்ஃபோர் செய்முறையை அளவுகளோடு சொல்ல முடியுமா? (கொடைக்கானல்)

அந்தப் பெயரில் விற்க முடியாது, நீலச் சீஸ் என்று விற்கலாம். அங்கே நடைபெறும் முறை இது.

காய்ச்சாத, கொழுப்பு எடுக்காத செம்மறியாட்டுப்பால். கறந்து 48 மணி நேரத்துக்குள் உறையூற்றிவிட வேண்டும். பாலை 28 முதல் 34 டிகிரி வரை சூடாக்கி, பாலை உறையவைக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி பூஞ்சையைப் பாலில் கலப்பதும் உண்டு, வெட்டிய தயிர்க்கட்டியில் தூவுவதும் உண்டு. கட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஓரளவு நீர் வடிந்ததும் அச்சில் நிரப்புகிறார்கள். கனம் வைத்து அமுக்குவதில்லை. இது முக்கியம்: அமுக்கினால் உள்ளே இடைவெளி போய்விடும், பூஞ்சைக்கு இடமிருக்காது. இரண்டு நாள், ஒரு நாளைக்குப் பல முறை புரட்டிப் போட்டு வடியவிடுகிறார்கள். பிறகு கடலுப்பைக் கையால் இரண்டு தடவை தேய்க்கிறார்கள். உப்பு முந்தினால் மேற்பரப்பு இறுகி உள்நீர் வடியாது, குறைந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும்.

அடுத்தது துளையிடல். ஊசிகள் பதித்த கருவியால் ஒரு வட்டில் நாற்பது துளை அளவில் போடுகிறார்கள். பூஞ்சைக்குக் காற்று வேண்டும், உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேற வேண்டும். வெட்டிப் பார்க்கும்போது நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தால், பெரும்பாலும் துளை அடைத்துக்கொண்டிருக்கும் அல்லது கட்டி நெருக்கமாகிப்போயிருக்கும். பூஞ்சை வித்தைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

துளையிட்ட வட்டுகளைக் குகையில் ஓக் மரப் பலகைகளில், ஒன்றையொன்று தொடாதபடி விளிம்பில் நிறுத்துகிறார்கள். உறையில்லாமல் குறைந்தது 14 நாள். நீலம் பிடித்ததும் உலோகத் தாளில் சுற்றிக் குளிர் அறையில் வைக்கிறார்கள். காற்று தடைபடும், பூஞ்சை நிதானமாகும், கொழுப்பும் புரதமும் மெல்ல உடைந்து அந்தக் காரமும் வெண்ணெய்ப் பதமும் வரும். செய்த நாளிலிருந்து மொத்தம் 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு வட்டு இரண்டரை முதல் மூன்று கிலோ, குறுக்களவு 19–20 செ.மீ. அதற்குச் சுமார் 12 லிட்டர் பால் தேவை. பசும்பாலில் செய்தால் இந்த விகிதம் கிடைக்காது: செம்மறியாட்டுப்பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம்.

பூஞ்சை வித்தைப் பழைய வழியில் ரொட்டியில் வளர்த்தார்கள். சில நிறுவனங்கள் இன்றும் அப்படியே. ரை என்ற தானியத்தில் செய்த பெரிய ரொட்டியை மேலே கருகும் அளவு சுட்டு, உள்ளே ஈரமாகவே விட்டு, குகையில் வாரக்கணக்கில் வைப்பார்கள். உட்பகுதி பச்சைநீலமானதும் உலர்த்திப் பொடியாக்குவார்கள். நீங்கள் இதை வீட்டில் முயல வேண்டாம். ரொட்டியில் தானாகப் படிவது எந்தப் பூஞ்சை என்று கண்ணால் சொல்ல முடியாது, சில நச்சுத்தன்மை கொண்டவை. ஆய்வகத்தில் தயாரான வித்தை வாங்குங்கள்.

ரோமானியர் காலத்திலேயே இந்தச் சீஸ் இருந்ததாகப் படித்தேன். சரியா? (மதுரை)

ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியை இழுப்பார்கள். அவர் எழுதியது, ரோமில் நீம் நகரிலிருந்தும், லொஸேர், ஜெவோதான் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வரும் சீஸுக்கு மதிப்பு என்பதுதான். ரோக்ஃபோர் என்ற பெயரும் இல்லை, நீலம் என்ற பேச்சும் இல்லை. காதலியைத் தேடிப்போன இடையன் குகையில் மறந்த ரொட்டியும் சீஸும் நீலம் பிடித்து ரோக்ஃபோர் பிறந்தது என்ற கதையை நல்ல கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

தாளில் உறுதியாக நிற்பவை வேறு. 1411இல் பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்ல், குகையில் முதிர்விக்கும் தனியுரிமையை ரோக்ஃபோர்க்காரர்களுக்குக் கொடுத்தார். 1666இல் துலூஸ் உயர்மன்றம், வெளிச் சீஸை இந்தப் பெயரில் விற்பவர்களைத் தடுத்தது. 1925 ஜூலை 26 சட்டம், ஒரு சீஸுக்குப் பிரான்ஸ் கொடுத்த முதல் பிறப்பிடப் பாதுகாப்பு. 1996இல் ஐரோப்பிய அளவிலும் அது வந்தது. ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு போலி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை: குகை அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த ஊர், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி கோர்சிகா தீவிலிருந்தும் பிரனே மலைப்பகுதியிலிருந்தும் முதிராத வெண்சீஸை வரவழைத்துத் தன் குகையில் முதிரவைத்தது. இப்போது பாலும் அவெய்ரோனையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

லார்ஸாக்கில் காந்திய வழிப் போராட்டம் நடந்ததாமே? (காந்திகிராமம்)

நடந்தது, வென்றது. 1902 முதல் லார்ஸாக்கில் ஒரு ராணுவ முகாம் உண்டு. அதை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் தெப்ரே அறிவித்தார். ரோக்ஃபோருக்குப் பால் கொடுத்துவந்த பண்ணைகள் பல அதில் அடிபட்டன.

லான்ஸா தெல் வாஸ்தோ என்ற இத்தாலியர் 1930களில் வார்தா சென்று காந்தியோடு தங்கியவர். சாந்திதாஸ் என்று பெயர் பெற்றவர். பீடபூமியின் தெற்கு விளிம்பில் ஆசிரமம் போன்ற ஒரு குடியிருப்பை நடத்திவந்தார். 1972 மார்ச்சில் லா கவல்ரி கிராமத்தில் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அம்மாதம் 28ஆம் தேதி 103 விவசாயிகள் நிலத்தை விற்பதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அறுபது ஆடுகளை ஈஃபில் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். 1973இல் டிராக்டர்களில் பாரீஸ் நோக்கிப் போனார்கள், நிலத்தைத் துண்டு துண்டாக ஆதரவாளர்களுக்குப் பங்கு விற்றுக் கையகப்படுத்தலைச் சிக்கலாக்கினார்கள், அனுமதியின்றிக் கல்லால் ஆட்டுப்பட்டி ஒன்றை எழுப்பினார்கள். 1981இல் அதிபரான மித்தெரான் விரிவாக்கத்தைக் கைவிட்டார்.

அமெரிக்கா இந்தச் சீஸுக்கு வரி போட்டது ஏன்? (கோவை)

ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சியை ஐரோப்பா தடுத்ததற்குப் பதிலடி. 1999இல் நூறு விழுக்காடு. அதை எதிர்த்துத்தான் ஆகஸ்ட் 12 அன்று, லார்ஸாக் ஆட்டுப் பண்ணையாளர் ஜோஸே பொவேயும் கூட்டாளிகளும் மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கிளையைக் கழற்றிப் போட்டார்கள். 2009 ஜனவரியில் வரி 300 விழுக்காடாகும் என்று அறிவிப்பு வந்தது. மே மாதம் உடன்பாடாகி அது நடைமுறைக்கு வராமலே போயிற்று.

நேரில் பார்க்கலாமா? சைவர்கள் சாப்பிடலாமா? (சென்னை)

பார்க்கலாம். ஊரிலுள்ள சில நிறுவனங்கள் நிலவறைகளைச் சுற்றிக் காட்டுகின்றன. மோன்பெலியே நகரிலிருந்து ஏ75 நெடுஞ்சாலையில் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மியோ நெடும்பாலத்தைத் தவிர அச்சாலையில் சுங்கம் இல்லை. ரயிலில் வந்தால் மியோவில் இறங்குவது நல்லது, வண்டிகள் குறைவு என்பதால் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் போனாலும் ஸ்வெட்டரும் வழுக்காத செருப்பும் வேண்டும். வெண்சீஸ் செய்வதைப் பார்க்க ஆசையிருந்தால் ஏமாறுவீர்கள்: அது சுற்றுவட்டாரப் பாலகங்களில் நடக்கிறது, பால் பருவமும் ஏறக்குறைய டிசம்பர் முதல் ஜூலை வரைதான். நிலவறைகளில் வேலை செய்பவர்களிலும் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்கள்.

கறாரான சைவர்களுக்கு ஆகாது. ரென்னெட் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுப்பது. காய்ச்சாத பால் என்பதால் கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் வாங்கினால், உலோகத் தாளில் இறுக்கிச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். நீலம் நடுவில்தான் அடர்த்தி, ஆகவே நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஆப்பு வடிவில் வெட்டினால் எல்லோர் தட்டிலும் சமமாக விழும்.