மறுகட்டமைப்பில் இருக்கும் அணி மூத்த குவாட்டர்பேக்கை வைத்துக்கொள்ளலாமா? – கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட முனையும் நிர்வாகம், பல ஆண்டுகளாக ஆடிவரும் குவாட்டர்பேக்கை (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரரை) வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பதே அது. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் தருகிறேன்.

கேள்வி: தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் உருப்படியாக ஆடுபவர் குவாட்டர்பேக் ஒருவர்தான் என்றால், அவரையும் அனுப்பிவிட்டு யாரை வைத்து ஆடுவது?

பதில்: இதற்குக் கொள்கை பேசுவதைவிட, ஒரே நேரத்தில் ஒரே நிலையில் இருந்த இரண்டு அணிகளைப் பார்ப்பது நல்லது. 2020 பருவம் முடிந்தபோது டெட்ராய்ட் லயன்ஸ் 5 ஆட்டங்களில் வென்று 11இல் தோற்றிருந்தது. அட்லாண்டா ஃபால்கன்ஸ் 4இல் வென்று 12இல் தோற்றிருந்தது. பருவத்தின் நடுவிலேயே இரு அணிகளும் தலைமைப் பயிற்சியாளரையும் பொது மேலாளரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 2021 ஜனவரியில் புதியவர்களை அமர்த்தின. இரண்டிலும் பத்தாண்டுக்கு மேலாக ஒருவரே குவாட்டர்பேக். டெட்ராய்ட்டில் 2009 டிராஃப்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஆண்டு நிகழ்வு; மோசமாக ஆடிய அணிக்கு முந்திய இடம், அந்தத் தேர்வு வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம்) முதல் தேர்வான மாத்யூ ஸ்டாஃபோர்ட், 33 வயதை எட்டவிருந்தார். அட்லாண்டாவில் 2008இன் மூன்றாவது தேர்வான மேட் ரயன், 36ஐ எட்டவிருந்தார்.

லயன்ஸ் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும், ஜாரெட் காஃப் என்ற குவாட்டர்பேக்கையும் வாங்கிக்கொண்டது. ஃபால்கன்ஸ் ரயனை வைத்துக்கொண்டது; நான்காவது இடத்தில் இருந்த டிராஃப்ட் வாய்ப்பையும் குவாட்டர்பேக்குக்குச் செலவிடாமல் கைல் பிட்ஸ் என்ற டைட் எண்டை (பந்தைப் பிடிப்பதும் எதிரணியைத் தடுப்பதும் இவர் வேலை) தேர்ந்தெடுத்தது. விளைவு கண்முன் இருக்கிறது. ஃபால்கன்ஸ் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 7 வெற்றி, 10 தோல்வி என்ற ஒரே கணக்கில் முடித்தது. லயன்ஸ் முதலாண்டில் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமநிலை என்று அடிபட்டாலும், அடுத்த ஆண்டு 9–8, அதற்கடுத்த ஆண்டு 12–5 என்று ஏறி, 2024இல் 15–2 வரை போனது.

ரயன் மோசமாக ஆடினார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் ஓரளவு நன்றாக ஆடியதுதான் சிக்கல். சுமாரான அணியில் நல்ல குவாட்டர்பேக் இருந்தால் ஆறேழு ஆட்டங்கள் கைக்கு வந்துவிடும்; பிளேஆஃபுக்கு (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளுக்கு) அது போதாது, டிராஃப்டில் முன்னணி இடம் கிடைக்கவும் அது தடை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை. எனவே நிர்வாகம் கேட்க வேண்டியது, "அவர் இன்னும் நன்றாக ஆடுகிறாரா?" என்பதை அல்ல; "மற்ற 52 பேரும் தயாராகும் ஆண்டில் அவருக்கு என்ன வயது இருக்கும்?" என்பதையே.

கேள்வி: அனுப்பிவிட்டால் 'டெட் மணி' என்று ஒரு பெருந்தொகை அணியின் தலையில் விழுகிறதாமே? அப்படியானால் வைத்துக்கொள்வதுதானே சிக்கனம்?

பதில்: ஒவ்வோர் அணியும் ஓராண்டில் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2022இல் அது 208.2 மில்லியன் டாலர். ஒப்பந்தம் போடும்போது தரும் போனஸ் ரொக்கமாக உடனே கைமாறினாலும், கணக்கில் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம். 50 மில்லியன் போனஸ் கொடுத்திருந்தால் ஆண்டுக்குப் பத்து. இரண்டாண்டு கழித்து அவரை அனுப்பினால், எழுதாமல் மிச்சமிருக்கும் 30 மில்லியனும் பொதுவாக ஒரே ஆண்டின் கணக்கில் வந்து விழும். ஜூன் 1க்குப் பிறகு அனுப்பியதாகப் பதிவுசெய்தால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். இதுதான் டெட் மணி.

இந்தப் பணம் எப்போதோ கொடுத்து முடிந்த பணம். அனுப்பினாலும் வைத்துக்கொண்டாலும் அது கணக்கில் ஏறியே தீரும். அனுப்பினால் இழப்பு, வைத்துக்கொண்டால் சேமிப்பு என்று தோன்றுவது கண்மயக்கம். மேலும், வைத்துக்கொள்ளும் அணிகள் அந்த ஆண்டில் இடம் போதாமல், அவருடைய சம்பளத்தையே மீண்டும் போனஸாக மாற்றி அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளுகின்றன. ஃபால்கன்ஸ் 2021 மார்ச்சில் ரயன் விஷயத்தில் செய்தது இதைத்தான். அதனால் 2022இல் அவருக்கான கணக்கு 48 மில்லியனைத் தாண்டி நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில் அவரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு அனுப்பியபோது, 40.5 மில்லியன் டெட் மணியாக நின்றது. அன்றைக்கு அது லீக்கின் உச்சம். ஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு. ஸ்டாஃபோர்டை அனுப்பியதில் லயன்ஸ் ஏற்றது ஏறத்தாழ 19 மில்லியன். ஓராண்டு தாமதத்தின் விலை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது. கோல்ட்ஸிலும் ரயன் அந்தப் பருவத்தின் நடுவிலேயே வெளியே உட்கார வைக்கப்பட்டார்.

கேள்வி: டென்வர் பிராங்கோஸ் தன் குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்காக ஏற்றுக்கொண்ட தொகை இதைவிடப் பெரிதல்லவா? அந்த அணி அழிந்திருக்க வேண்டுமே?

பதில்: அழியவில்லை. 2024 மார்ச்சில் வில்சனை விடுவித்தபோது இரண்டாண்டுக் கணக்கில் சுமார் 85 மில்லியன் டாலரை பிராங்கோஸ் சுமந்தது. அந்த ஆண்டே டிராஃப்டின் 12ஆவது தேர்வில் போ நிக்ஸ் என்ற புதுமுகக் குவாட்டர்பேக்கை எடுத்து, 10–7 என்று முடித்துப் பிளேஆஃபுக்கும் போனது. 2011இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்துக்கு அளவு வகுத்துவிட்டதே இதற்குக் காரணம். 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் உத்தரவாதம் கிடைத்தது. அடுத்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் முழுவதுமே 22 மில்லியன்தான். புதுமுகக் குவாட்டர்பேக் மலிவாக இருக்கும் நான்கு ஆண்டுகளில், பழையவரின் கடனையும் அடைத்துக்கொண்டு அணியையும் கட்ட முடிகிறது.

வில்சனை 2022இல் பிராங்கோஸுக்கு விற்ற சியாட்டில் சீஹாக்ஸையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வு, மூன்று ஆட்டக்காரர்கள் என்று வாங்கிக்கொண்டு, மாற்றாளாக இருந்த ஜீனோ ஸ்மித்தைக் களமிறக்கி, அந்த ஆண்டே பிளேஆஃபுக்கும் போனது. விற்பதென்றால் இப்படி விற்க வேண்டும்.

கேள்வி: ஐயா, ஒரு சந்தேகம். லயன்ஸ் புதுமுகத்தை வைத்து எழுந்திருக்கவில்லையே? காஃபும் ராம்ஸ் வேண்டாமென்று தள்ளிய பழைய குவாட்டர்பேக்தானே? உங்கள் வாதமே அடிபட்டுப் போகிறதே?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள், ஆனால் வாதம் இதில் வலுப்படுகிறது என்பேன். காஃப் 2016 டிராஃப்டின் முதல் தேர்வு. ராம்ஸை ஒரு சூப்பர் பௌலுக்கு, அதாவது லீக்கின் இறுதிப் போட்டிக்கு, அழைத்துச் சென்றவர். டெட்ராய்ட்டுக்கு வந்தபோது அவருக்கு 26 வயது. அவருடைய கனமான ஒப்பந்தத்தைச் சுமக்க லயன்ஸ் ஒத்துக்கொண்டதற்காகவே ராம்ஸ் கூடுதலாகத் தேர்வுகளைத் தர வேண்டியிருந்தது என்று அப்போது பேசப்பட்டது. பலரும் அவரைத் தற்காலிக ஆள் என்றே எழுதினார்கள்.

முதலாண்டில் அந்த அணி முதல் 11 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. பத்துத் தோல்வி, ஒரு சமநிலை. 2021 டிசம்பர் 5 அன்று மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக, கடிகாரம் ஓய்ந்த கடைசிப் பந்தில் காஃப் 11 கெஜம் வீச, நான்காம் சுற்றில் எடுத்த புதுமுகம் அமோன்-ரா செயின்ட் பிரௌன் எண்ட் சோனுக்குள் (புள்ளி பெறும் எல்லைப் பகுதிக்குள்) அதைப் பிடித்தார், 29–27. அன்றைய வெற்றியால் பட்டியலில் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் பந்தை வீசியவரும் பிடித்தவரும் ஒரே வேகத்தில் சேர்ந்து வளரக்கூடிய வயதில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெனெய் சீவல், எய்டன் ஹட்சின்சன் என்று லயன்ஸின் சொந்த முதல் சுற்றுத் தேர்வுகள் பழுக்கும்போது காஃப் முப்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அதே வேளையில் ஸ்டாஃபோர்டுக்கு ஈடாக வந்த தேர்வுகள் சும்மா இருக்கவில்லை. ஒன்றை வைத்து டிராஃப்ட் வரிசையில் மேலே நகர்ந்து ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தார்கள். ராம்ஸ் 2022இல் 5–12 என்று சரிந்ததால் ஆறாம் இடத்தில் வந்த மற்றொன்றைக் கீழே நகர்த்தி, ஜாமிர் கிப்ஸையும் சாம் லபோர்ட்டாவையும் பெற்றார்கள்.

2024 ஜனவரி 14 அன்று, ஸ்டாஃபோர்டே ராம்ஸ் சீருடையில் டெட்ராய்ட்டின் ஃபோர்ட் ஃபீல்டுக்கு வந்து ஆடினார். லயன்ஸ் 24–23 என வென்றது. 32 ஆண்டுகளில் அந்த அணிக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி அது. ஸ்டாஃபோர்டும் இதில் தோற்றவர் அல்லர். 2022 பிப்ரவரியிலேயே ராம்ஸுடன் சூப்பர் பௌலை வென்றுவிட்டார். தயாராக இருந்த அணிக்குத் தயாரான குவாட்டர்பேக் போய்ச் சேர்ந்தார், கட்டப்படும் அணிக்குக் கட்டப்படக்கூடியவர் வந்தார். 26 வயதுக்காரரை 'மூத்தவர்' பட்டியலில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: மூத்தவர் இருந்தால் புதியவருக்குக் கற்றுக்கொடுப்பார் என்கிறார்களே?

பதில்: இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ். 2017இல் பத்தாவது தேர்வாக வந்த பேட்ரிக் மஹோம்ஸ், அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் ஓராண்டு உட்கார்ந்து கற்றார். ஆனால் அன்றைய சீஃப்ஸ் மறுகட்டமைப்பில் இருந்த அணியே அல்ல. பிளேஆஃபுக்குப் போய்க்கொண்டிருந்த அணி. மேலும் அந்த ஓராண்டு முடிந்ததும், 2018 ஜனவரியிலேயே ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்து, ஒரு கார்னர்பேக்கையும் (தற்காப்பு ஆட்டக்காரர்) ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் வாங்கிவிட்டார்கள். கற்றுத்தருவது பயிற்சியாளரின் வேலை. அதற்கென்று 30, 40 மில்லியனை ஒதுக்குவது வீண்.

கேள்வி: விலை குறைந்த மூத்தவர் என்றால்?

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மயாமி டால்பின்ஸ் 2019இல் ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக்கை அப்படித்தான் கொண்டுவந்தது. முதல் ஏழு ஆட்டங்களில் தோற்ற அந்த அணி 5–11 என முடித்து, அடுத்த டிராஃப்டில் ஐந்தாவது இடத்தில் டூவா டாகோவைலோவா என்ற புதுமுகக் குவாட்டர்பேக்கை எடுத்தது. 2020இல் ஆறு ஆட்டங்களுக்குப் பின் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் இடம் டூவாவுக்குக் கைமாறியது. ஃபிட்ஸ்பேட்ரிக்கை நம்பி ஒருவரும் எதிர்காலத்தை அடகு வைக்கவில்லை, ஆகையால் மாற்றுவதும் எளிதாக இருந்தது.

கேள்வி: இரண்டு கோப்பைகளை வென்று தந்தவரைத் தூக்கி எறிவது நன்றி கெட்ட செயல் இல்லையா? நியூயார்க் ஜயண்ட்ஸின் குவாட்டர்பேக் ஈலை மானிங்கை மனதில் வைத்துக் கேட்கிறேன்.

பதில்: மானிங்கை நடத்திய விதம் தவறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2017இல், 3–13 என முடிந்த பருவத்தில், மூழ்கிக்கொண்டிருந்த நியூயார்க் ஜயண்ட்ஸ், தொடர்ந்து 210 ஆட்டங்களைத் தொடங்கியவரைத் திடீரென உட்கார வைத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாட்களில் பயிற்சியாளரின் வேலையும் போனது. ஆனால் அந்தக் குற்ற உணர்வு அடுத்த ஆண்டு முடிவை ஆட்டிவைத்தது என்பது என் கணிப்பு. 2018 டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் இருந்தும், 37 வயது மானிங்கை நம்பி, ஓடும் ஆட்டக்காரரான சாக்வான் பார்க்லியை எடுத்தார்கள். பார்க்லி அருமையான ஆட்டக்காரர், அதில் குறையில்லை. ஆனால் அதே டிராஃப்டில் குவாட்டர்பேக்குகளான ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும், லமார் ஜாக்சன் 32ஆவதாகவும் போனார்கள். ஜயண்ட்ஸ் அந்த ஆண்டு 5–11. 2019இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பின் மானிங்கின் இடம் டேனியல் ஜோன்ஸுக்குப் போயிற்று. மரியாதை செய்ய வேண்டும் என்றால் மைதானத்தில் பெயர் பொறித்து, சீருடை எண்ணுக்கு ஓய்வு கொடுத்துச் செய்யலாம். டிராஃப்ட் தேர்வைக் கொண்டு செய்யக் கூடாது.

கேள்வி: இவ்வளவு தெளிவாக இருந்தும் அணிகள் ஏன் வைத்துக்கொள்கின்றன?

பதில்: பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். ஏழு வெற்றி காட்டினால் வேலை தப்பும், மூன்று வெற்றி என்றால் தப்பாது என்ற பயம் நியாயமானதே. லயன்ஸின் உரிமையாளர்கள் 3–13–1க்குப் பிறகும், அடுத்த பருவத்தை 1–6 என்று தொடங்கிய பிறகும் பயிற்சியாளர் டான் கேம்பலை மாற்றவில்லை. அந்தப் பொறுமை இல்லாத இடத்தில், மூத்தவரை அனுப்பும் துணிவும் இருக்காது.

கேள்வி: அனுப்புவது என்று முடிவானால் எப்போது, எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: பருவம் முடிந்த கையோடு, அவரிடம் நேரடியாகப் பேசி, மார்ச்சில் புதிய லீக் ஆண்டு தொடங்கும் முன் விலை பேசி முடிக்க வேண்டும். லயன்ஸும் ஸ்டாஃபோர்டும் ஜனவரியிலேயே பிரிவதற்கு ஒத்துக்கொண்டதால்தான் பல அணிகள் போட்டி போட்டன. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 2022 பருவத்தில் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது, காயம் பட்டால் உத்தரவாதத் தொகை தலையில் விழுமே என்று தன் குவாட்டர்பேக் டெரெக் காரை ஓரம்கட்டியது. அவருடைய ஒப்பந்தத்திலோ, தன் சம்மதமின்றித் தன்னை வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற விதி இருந்தது, அவர் சம்மதிக்கவில்லை. 40 மில்லியனுக்கு மேற்பட்ட உத்தரவாதம் உறுதியாகும் நாள் நெருங்கவே, 2023 பிப்ரவரி 14 அன்று ரெய்டர்ஸ் அவரை விடுவித்தது. அவர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் தாமாகச் சேர்ந்தார். ரெய்டர்ஸுக்கு ஏழாம் சுற்றுத் தேர்வுகூடக் கிடைக்கவில்லை.