கையெழுத்துப் போடும் முன்: மருந்து ஆய்வு பற்றிய கேள்வி பதில்

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பதினாறு வருடமாக மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் நர்ஸ். புது மருந்து ஆய்வில் சேருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது, ஒப்புதல் வாங்குவது, சொன்ன தேதியில் வரவழைத்து ரத்தம் எடுப்பது, ஒன்று விடாமல் எழுதி வைப்பது, இதெல்லாம் என் பொறுப்பு. இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துக்கொண்டேன்.

அம்மாபேட்டையிலிருந்து: அக்கா, அப்பாவுக்கு 58 வயசு, பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. டாக்டர் புது மாத்திரை ஆய்வுல சேர்றீங்களான்னு கேட்டிருக்கார். சோதனை எலி ஆக்கிடுவாங்கன்னு அம்மா அழறாங்க. சேரலாமா?

அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதே தம்பி. முதலில் டாக்டரிடம் ‘இது எத்தனையாவது கட்டம்?’ என்று கேள். முதல் கட்டத்தில் சில பத்து பேருக்கு மட்டும் கொடுத்து, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளுக்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து, இருக்கிற மருந்தோடு ஒப்பிடுவார்கள். நான்காவது, கடைக்கு வந்த பிறகு நடக்கும் கண்காணிப்பு. எங்களிடம் வருபவை பெரும்பாலும் மூன்றாம் கட்டம்தான். அடுத்து, சி.டி.ஆர்.ஐ பதிவு எண் கேள். 2007இல் தொடங்கிய அரசாங்கப் பதிவேடு அது. 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வு எதையும் அதில் பதியாமல் தொடங்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது. சில வருடத்துக்கு முன் வாழப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்குத் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் மேஜையில் இருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்தே போட்டுவிட்டார். “டாக்டர் சொன்னா சரிதான் கண்ணு” என்றார். அந்தப் படிவத்தை ரத்து என்று எழுதி வைத்துவிட்டு, வேறொரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினேன். நாலு நாள் கழித்து மருமகளோடு வந்தார். தாளில் ஏழு இடத்தில் பென்சில் கோடு. “வயித்துப்போக்கு வரலாம்னு போட்டிருக்கு. மாமா ராத்திரி காட்டுல தனியா படுப்பாரு. அப்ப யாருக்குப் போன் பண்றதுங்க?” என்று கேட்டார் அந்தப் பெண். எங்கள் தாளில் பகல் நேர எண் மட்டும்தான் இருந்தது. ஆய்வில் சேருகிறவர்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி ராத்திரி எண்ணையும் சேர்த்தோம். அந்த ஆய்வில் சேர்ந்த எல்லோருக்கும் அந்த எண் போனது, அந்தப் பெண் ஒருத்தர் கேட்டதால்.

அப்பா சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும், அவருக்குக் கிடைக்கிற வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. அது தாளிலேயே எழுதியிருக்கும், விரல் வைத்துக் காட்டச் சொல்.

அஸ்தம்பட்டியிலிருந்து: வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்கள் என்கிறார்களே?

போலி மாத்திரை கொடுக்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அது உங்களுக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி நோய்களில் ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தை விடாமல், அதற்கு மேல்தான் புது மாத்திரையோ போலியோ சேர்ப்பது வழக்கம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் எங்கள் ஆசையே முடிவைக் கெடுத்துவிடும்.

சூரமங்கலத்திலிருந்து, கல்லூரி மாணவர்: சென்னையில் ரெண்டு நாள் தங்கி மாத்திரை போட்டு ரத்தம் கொடுத்தால் பணம் தருகிறார்களாம். நண்பன் மாதாமாதம் போறான். நானும் போகலாமா அக்கா?

ஒரு கம்பெனி மாத்திரையும் இன்னொரு கம்பெனி மாத்திரையும் ரத்தத்தில் ஒரே அளவு சேர்கிறதா என்று பார்க்கும் ஆய்வு அது. சட்டப்படி நடப்பதுதான். போவதும் போகாததும் உன் விருப்பம். ஆனால் மாதாமாதம் போவது மட்டும் வேண்டவே வேண்டாம் கண்ணு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று மாதமாவது இடைவெளி கேட்பார்கள். போன மருந்து உடம்பை விட்டுப் போக வேண்டும், எடுத்த ரத்தம் ஊற வேண்டும். நண்பன் முந்தைய ஆய்வை மறைத்துத்தான் போகிறான் என்று நினைக்கிறேன். மயங்கி விழுந்தால் அங்கே இருக்கும் டாக்டருக்குக் காரணமே தெரியாது. இன்றைக்கே அவனிடம் பேசு.

ஏற்காடு, நாகலூரிலிருந்து: மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எஸ்டேட்டில் காப்பி பறித்தவர். கைநாட்டு வாங்கிக்கொண்டால் போதுமா?

போதாது. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழு விளக்கம் முடியும் வரை கூடவே உட்கார்ந்திருந்து, பிறகு கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை யாருக்கும் பழக்கமில்லாத புது மூலக்கூறு என்றால், இப்படிப்பட்டவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவாகப் பதிவு செய்யவும் வேண்டும். நான் ஒன்று செய்வேன்: விளக்கி முடித்ததும், “அம்மா, இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, என்ன பண்ணப் போறோம்?” என்று கேட்பேன். அவர் வாயால் சொல்ல வராவிட்டால், நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: ‘ஆபத்து 28 சதவீதம் குறைந்தது’ என்று செய்தி போடுகிறார்கள். எப்படிப் புரிந்துகொள்வது?

நல்ல கேள்விங்க. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வையே எடுத்துக்கொள்வோம், 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 531 பேரை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய பிரிவில் நூற்றுக்கு 39.3. 55இல் 39.3 போனால் 15.7. அந்த 15.7ஐ 55ஆல் வகுத்தால்தான் 28 சொச்சம் சதவீதம் வரும். ஆக நூறு பேரில் தப்பித்தவர்கள் ஏறக்குறைய 16. இரண்டு கணக்கும் சரிதான். ஆனால் ‘எத்தனை பேரில் எத்தனை பேர்’ என்று சொல்லாத செய்தியை நான் நம்புவதில்லை. இன்னொன்று, சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவிலும் ஏறக்குறைய இதே பலன்தான், நூற்றுக்கு 40.5 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையையும் மாத்திரையையும் சேர்த்தபோது கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. நம்ம ஊர் உடம்பில், நம்ம ஊர் சாப்பாட்டில் பார்த்த கணக்கு என்பதால் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆத்தூரிலிருந்து: குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டால் கணையத்தில் கல் வரும் என்கிறார்களே? எங்கள் காடு முழுக்க அதுதான்.

1960களில் கேரளாவில் ஏழை இளைஞர்கள் பலருக்குக் கணையத்தில் கல்லும் சர்க்கரையும் சேர்ந்து வந்தது. அவர்கள் வீட்டில் தினமும் கிழங்கு. கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருளும் இருக்கிறது. சந்தேகம் வந்தது இயல்புதான். ஆனால் கிழங்கையே நம்பியிருந்த வீட்டில் பருப்பும் பாலும் இருக்காதே? அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு பார்த்தால், கிழங்கு சாப்பிடாத பகுதிகளிலும் இந்த நோய் இருந்தது. நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றமும் தெரிந்தது. கிழங்கின் மேல் இருந்த குற்றச்சாட்டு அதனால் வலுவிழந்துவிட்டது. தோலுரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் காலத்தில் காசநோய் என்றால் மலைக்காற்று வேண்டும் என்பார்கள். அது எப்படி மாறியது அம்மா?

நம்ம சென்னையில்தான் ஐயா மாறியது. 1956இல் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினார்கள், இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனைக்கும் மறு பகுதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானட்டோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம். வீட்டில் நெரிசல், அரை வயிறு, வேலை. ஆனாலும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. 1959இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று உலகம் ஒப்புக்கொள்ள இதுதான் பெரிய காரணம். அந்த 193 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. இன்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு காசநோயாளியும் அவர்களுக்குக் கடன்பட்டவர்தான்.

ஆனால் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டார் 10,345 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023இல் வந்தது. மாதாமாதம் அரிசியும் பருப்பும் கிடைத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

கொண்டலாம்பட்டியிலிருந்து: ஆய்வு மருந்தால் ஏதாவது ஆகிவிட்டால்?

கடுமையான பாதிப்பு என்றால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்தில் மேலே தெரிவிக்க வேண்டும். சிகிச்சை இலவசம். ஆய்வால் வந்த பாதிப்பு என்று முடிவானால் நஷ்டஈடும் உண்டு, 2019 விதிகளில் கணக்கே கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பில்லை முதலில் நீங்கள் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், நெறிமுறைக் குழுவின் எண் தகவல் தாளில் இருக்கும், நேராக அங்கே பேசுங்கள். அந்தக் குழுவில் பாதிப் பேர் மருத்துவமனைக்கு வெளியே இருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

சிவதாபுரத்திலிருந்து, கொலுசுப் பட்டறைத் தொழிலாளி: ஆறு மாசம் முன்னாடி பட்டறைக்கு வந்து ஆராய்ச்சின்னு ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. ரிசல்ட் வரவே இல்லீங்க.

படிக்கவே கோபம் வருகிறதுங்க அண்ணா. ரத்தம் எதற்கு, எங்கே வைப்பார்கள், முடிவு சொல்வார்களா என்பதை ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால், அன்றைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதி, தேதி போட்டு, நகல் கேளுங்கள். அதில் நெறிமுறைக் குழுவின் முகவரி இருக்கும். கிடைத்ததும் எனக்குச் சொல்லுங்கள், அடுத்த கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.